குரல் யாருக்குச் சொந்தம்?



போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வகுப்பில் ஒரு சண்டை. ‘லால் சலாம்’ படத்தில் ‘திமிறி எழுடா’ பாட்டில் வருவது பம்பா பாக்யா குரல் என்றாள் ஒருத்தி. “அவரு 2022-லயே இறந்துட்டாரே, படம் 2024-ல தானே வந்துச்சு?” என்றாள் இன்னொருத்தி. இரண்டு பேர் சொன்னதும் சரிதான்!

மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு மூலம் அந்தப் பாட்டில் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரகுமான். இரண்டு குடும்பத்திடமும் அனுமதி வாங்கி, பணமும் கொடுத்ததாகச் சொன்னார். 2020-ல் மறைந்த எஸ்.பி.பி.யின் குரலும் ‘கீடா கோலா’ என்ற தெலுங்குப் படத்தில் இப்படி வந்தது. ஆனால், எங்களைக் கேட்கவே இல்லை என்று அவர் மகன் சரண் 2024-ல் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. ஒருவர் எழுதியதற்கும் பாடியதற்கும் அதில் உரிமை உண்டு. பாடாத பாட்டு அவர் குரலில் வந்தால்? அதைப் பற்றி அதில் தனியாக எதுவும் இல்லை. அதனால் பாடகர் அரிஜித் சிங் கோர்ட்டுக்குப் போனார். அவர் குரலை அனுமதி இல்லாமல் இப்படிச் செய்யக் கூடாது என்று 2024-ல் மும்பை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது.

பெரிய பாடகர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். நம்மைப் போன்றவர்கள்?

எங்க தாத்தா வலை இழுக்கும்போது அம்பாப் பாட்டு பாடுவார். இப்போது அவர் இல்லை. அம்மா செல்போனில் இரண்டு நிமிஷப் பாட்டு மட்டும் இருக்கிறது. “இதை வச்சு தாத்தாவைப் பேச வைக்கலாம்” என்றான் அண்ணன். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அப்பத்தா மட்டும், “அவரு பேசாத பேச்சை அவரு வாயில வைக்காதீங்கடா” என்று சொல்லிவிட்டது.

படிக்காத அப்பத்தா சொன்னதுதான் சட்டமாக வர வேண்டும் என்பது என் கருத்து. குரலுக்கு உரியவரைக் கேட்க வேண்டும்; இறந்திருந்தால் குடும்பத்தைக் கேட்க வேண்டும். சம்பாதித்தால் பங்கு தர வேண்டும். இது கம்ப்யூட்டர் குரல் என்று எழுதிக் காட்ட வேண்டும். எஸ்.பி.பி.க்கு ஒரு நியாயம், வலை இழுத்தவருக்கு ஒரு நியாயம் என்று இருக்கக் கூடாது.

பக்கத்தில் இருப்பவள் பேனாவை எடுக்கக்கூடக் கேட்டுத்தானே எடுக்கிறோம்? குரலைக் கேட்காமல் எடுக்கலாமா? சிந்திப்போம் தோழர்களே!

— 9-ஆம் வகுப்பு மாணவி