கன் பெருசா, காத்து பெருசா?

மெக்கானிக்கல் மக்களே! (மத்த டிபார்ட்மென்ட் மக்களும் ஓடிடாதீங்க, உங்களுக்கும் மேட்டர் இருக்கு.)

பட்டாபிராம் சி.டி.எச். ரோட்டுல லாரி ஷெட் பக்கம் போனா 'கடகடகட'ன்னு ஒரு சத்தம் கேட்கும். அதுதான் இந்த வார ஹீரோ... ஏர் இம்பாக்ட் ரெஞ்ச். செல்லமா 'ஏர் கன்'.

நம்ம ஏரியாவுக்கும் கனரக வண்டிக்கும் பழைய சொந்தம். பக்கத்து ஆவடியில 1961-ல் எச்.வி.எஃப். வந்தது. 1965-ல் அங்கிருந்து முதல் 'விஜயந்தா' டாங்க் வெளியே வந்தது. இப்போ நெமிலிச்சேரியில அவுட்டர் ரிங் ரோடு வேற. லாரிகளுக்குக் கேட்கணுமா? ஸோ, ஷெட் வெச்சிருக்கிற சித்தப்பா, "இன்ஜினீயரிங் படிக்கிறியே, நல்ல கன் ஒண்ணு சொல்லேன்"னு கேட்டா முழிக்காம இருக்க, இதோ நாலு பாயின்ட்.

முதல்ல டார்க். 22 மி.மீ. வீல் போல்ட் உள்ள பல லாரிகளுக்கு 600 முதல் 700 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் தேவை. 65 கிலோ ஆள், ஒரு மீட்டர் பைப் நுனியில ஏறி நின்னா சுமார் 640 வரும். துருப்பிடிச்ச நட்டைக் கழட்ட இன்னும் அதிகம் வேணும். அதனால காருக்கு அரை இன்ச் ட்ரைவ், சின்ன லாரிக்கு முக்கால் இன்ச், பெரிய லாரி, பஸ்ஸுக்கு ஒரு இன்ச். கேட்லாக்ல கொட்டை எழுத்துல இருக்கிறது பெரும்பாலும் உச்ச டார்க். "வொர்க்கிங் டார்க் எவ்வளவு?"ன்னு கேளுங்க.

ரெண்டாவது, காத்து. கன்னுக்கு 90 பி.எஸ்.ஐ. வேணும்னா, ட்ரிகரை அழுத்தி ஓடும்போது கன் வாசல்ல அது இருக்கணும். கம்ப்ரஸர் மீட்டர்ல 120 காட்டினா மட்டும் போதாது. அதே அளவு காத்து, பாதி விட்டமுள்ள ஹோஸ்ல போனா பிரஷர் இழப்பு ஏறக்குறைய 32 மடங்கு! (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கிளாஸ்ல தூங்கினவங்களுக்கு: விட்டத்தோட அஞ்சாம் அடுக்கு.) ஒல்லி ஹோஸ்ல மாட்டின ஒரு இன்ச் கன், பட்டினி கிடக்கிற பயில்வான் மாதிரி. கம்ப்ரஸர் வெளியே தர்ற காத்து, கன் குடிக்கிற காத்தைவிட அதிகமான்னு பார்த்துட்டுத்தான் கன்னுக்கே விலை பேசணும்.

மூணாவது, சாக்கெட். பளபள குரோம் சாக்கெட் அடி தாங்காம வெடிச்சுத் தெறிக்கலாம். கறுப்பா இருக்கிற இம்பாக்ட் சாக்கெட்தான் பாதுகாப்பு. கண்ணாடி, இயர் பிளக் ரெண்டும் கட்டாயம். தினமும் ரெண்டு சொட்டு ஏர் டூல் ஆயில் விடுங்க. லைன்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டரும் வேணும்.

நாலாவதுதான் உயிர் மேட்டர். கன் கழட்டுறதுக்கு ராஜா. ஆனா, கடைசி இறுக்கத்தை அதுகிட்ட விடக்கூடாது. 'இன்னும் ரெண்டு அடி'ன்னு அழுத்தினா ஸ்டட் இழுபட்டு பலவீனமாகும். குறைஞ்சா நட் தளரும். ரெண்டுலயும் முடிவு ஒண்ணுதான்: ஓடுற லாரியிலிருந்து வீல் தனியா கழண்டு வரும். எதிர்ல பைக்ல வர்றது நீங்களாகூட இருக்கலாம். அதனால கன்னால லேசா இறுக்கி, டார்க் ரெஞ்ச்ல கம்பெனி சொன்ன அளவுக்கு முடிக்கணும். 50-100 கிலோமீட்டர் ஓடினதும் மறுபடி செக் பண்ணணும்.

ஆக, சித்தப்பாகிட்ட இப்படிச் சொல்லுங்க: "பட்ஜெட் இடிச்சா கன் பிராண்டுல ஒரு படி இறங்கிக்கோங்க. ஹோஸுலயும் டார்க் ரெஞ்சுலயும் மட்டும் கை வைக்காதீங்க!"

அடுத்த வாரம் வேறொரு டூலோட வர்றேன். வர்ட்டா!