எலுமிச்சம்பழம் யாருக்கு?

நாமக்கல், சங்ககிரி பக்கத்தில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஒரு லாரி வடக்கே புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். முகப்பில் கற்பூரம், ரோட்டில் உடைத்த திருஷ்டிப் பூசணி, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம். பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி நகருகின்றது. அதே பழத்தைப் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் கூட்டித் தண்ணீரில் கலந்து டிரைவர் பக்கத்தில் வைத்திருந்தால் அன்று மத்தியானத்துக்காவது பிரயோஜனப்பட்டிருக்கும். சக்கரத்துக்குத் தாகமெடுக்குமா என்பதை வைத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

வழியில் டிரைவர் சுருண்டு விழுந்தால், அக்கினி நட்சத்திரம் என்கின்றார்கள், தலைவிதி என்கின்றார்கள். விதியேயானால், அது குளிர்ந்த அறையில் கணக்குப் பார்க்கும் முதலாளியை விட்டுவிட்டு, இஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனை மாத்திரம் தேடிப் பிடிப்பானேன்?

சங்கதி வெகு சாதாரணமானது. மனித உடம்பின் சூடு சுமார் 37 டிகிரி. வெளிக்காற்று அதற்கு மேல் காய்ந்துவிட்டால், வியர்வை உலருவது ஒன்றுதான் உடம்பு குளிர வழி. வியர்க்கத் தண்ணீர் வேண்டும். டிரைவரோ தண்ணீரைக் குறைத்துக் குடிக்கின்றான். குடித்தால் மூத்திரத்துக்கு நிறுத்த வேண்டும். நிறுத்தினால் நேரம் போகும். நேரம் போனால் பேட்டா போகும். தலைக்கு மேல் தகடு, முன்னால் கண்ணாடி, காலடியில் இஞ்சின் சூடு. ராஜஸ்தானத்துப் பலோடியில் 2016 மே 19ந் தேதி 51 டிகிரி காய்ந்தது. அந்தப் பக்கத்து ரோடுகளிலும் லாரி ஓட்டுகிறவன் மனிதன்தான். இதில் புதிதாக வேலைக்கு வந்தவனுக்கு ஆபத்து அதிகம். உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாகும்.

உட்சூடு 40 டிகிரிக்கு மேல் போனால் மூளை தடுமாறும். பேச்சுக் குழறும், சம்பந்தமில்லாமல் உளறுவான், வலிப்பும் வரலாம். கிளீனர் பையனோ "அண்ணன் குடித்திருக்கின்றார்" என்று கேபினிலேயே படுக்க வைத்துவிடுகின்றான். இல்லையென்றால் காற்றுக் கறுப்பு என்று விபூதி தேடுகின்றான். இரண்டும் கொலைக்குச் சமானம். உடனே நிழலில் இறக்கிச் சட்டையைக் கழற்றி, உடம்பு முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைக்க வேண்டும். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் விடக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். காய்ச்சல் மாத்திரை இதற்கு உதவாது. ஒருவர் 108க்குச் சொல்லட்டும். வண்டி வரும்வரை மற்றவர் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தக் கூடாது.

இனி, முதலாளிமார் விஷயம். மோட்டார்த் தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று 1961லேயே சட்டத்தில் எழுதினார்கள். ஏட்டில் எழுதிய அந்த எட்டு மணியை ரோட்டில் கண்டவர் யார்? 2025 முதல் புதிதாகச் செய்யும் பெரிய லாரிகளில் கேபினுக்கு ஏசி வைத்தாக வேண்டுமென்று இந்திய சர்க்கார் விதி செய்தது. ஏசி வைத்தால் டிரைவர் தூங்கிவிடுவான் என்று சிலர் சொல்லுகின்றார்களாம். இவர்களுடைய கார்களில் ஏசி இருக்கின்றதே, கார் டிரைவர் தூங்குகின்றானா? மனிதனைச் சோர வைத்துக் கண்ணை மூடச் செய்வதே வெக்கைதான். அன்றியும், அந்த விதி பழைய லாரிகளைத் தொடவில்லை. ரோட்டில் ஓடுகிறவற்றில் பெரும்பாகம் பழையவைதான்.

2024ல் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்து, அதனால் செத்தவர் குடும்பத்துக்கு 4 லட்ச ரூபாய் என்றது. நல்ல காரியந்தான். ஆனால், ஸ்டியரிங்கில் மயங்கிப் புளியமரத்தில் மோதினவன் சாவு வெயிற் சாவாக எழுதப்படுமா, விபத்தாக எழுதப்படுமா? அவன் பெண்சாதி எந்த ஆபீசில் போய் ருசுப்படுத்துவாள்?

ஆகவே நாம் கேட்பது சாவதற்கு முந்திய காரியம். லாரி உரிமையாளர் சங்கங்களும் சரக்கு அனுப்பும் கம்பெனிகளும், கோடையில் மத்தியானம் 12 மணி முதல் 3 மணி வரை வண்டியை நிழலில் நிறுத்தலாம், அதற்காகப் பேட்டாவில் காசு பிடிப்பதில்லை என்று டிரிப் சீட்டில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். லோடு ஏற்றக் காத்துக்கிடக்கும் கிடங்கு வாசலில் ஒரு கொட்டகையும் குடிதண்ணீரும் வைக்கட்டும்.