தேயிலைக்கும் தோலுக்கும் ஒரே மருந்தா?

ஜூன் பிறந்துவிட்டால் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்தில் துணி உலர்த்துவது பெரும்பாடு. குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு அந்தத் தொல்லை ஐப்பசி, கார்த்திகையில் வந்து சேரும். ஈரக் காலுறையுடன் பள்ளிக்கு வரும் மாணவனின் விரலிடுக்கில் சேற்றுப்புண், இடுப்பில் படர்தாமரை, தோட்டத்தில் கொழுந்தின் மேல் கொப்புள நோய். மூன்றும் பூஞ்சைகளின் வேலை. மூன்றுக்கும் ஈரமே தாய்.

இயற்பியல் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மருந்தைச் செய்வது வேதியியலாரின் வேலை. எவருக்கு எதைக் கொடுப்பது என்பது மருத்துவரின் வேலை. ஆனால் எவ்வளவு, எத்தனை நாள் என்ற கேள்வி வந்தவுடன் அது அளவு பற்றிய விஷயமாகிவிடுகிறது. அளப்பது எங்கள் தொழில்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். பாக்டீரியாவின் செல்லுக்கும் நம் செல்லுக்கும் அமைப்பில் பெரிய வேற்றுமை உண்டு. பெனிசிலின் பாக்டீரியாவின் செல்சுவரைக் கெடுக்கும்போது நம் செல்லுக்கு ஒன்றும் ஆவதில்லை. நமக்குச் செல்சுவரே கிடையாது. பூஞ்சை அப்படியன்று. உட்கரு முதலிய பல அமைப்புகளில் அது நமக்கு நெருங்கிய உறவினன். அதைக் கொல்லும் பொருள் பலவும் நம்மையும் தாக்கும். நல்ல வேளையாக ஒரு சிறு வேற்றுமை இருக்கிறது. நம் செல்சவ்வில் இருப்பது கொலஸ்டிரால். பூஞ்சையின் சவ்வில் இருப்பது எர்கோஸ்டீரால். 1950ஆம் ஆண்டில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரௌன் என்ற இரு அமெரிக்கப் பெண் அறிஞர்கள் அறிவித்த நிஸ்டாட்டின் இந்த எர்கோஸ்டீராலைத்தான் பற்றிக்கொள்கிறது. பின்னர் வந்த அசோல் வகை மருந்துகள் எர்கோஸ்டீரால் உருவாகாமலே தடுக்கின்றன. டெர்பினஃபின் அதற்கும் முந்திய ஒரு படியில் தடை போடுகிறது. ஏறக்குறைய எல்லா அம்புகளும் ஒரே இலக்கை நோக்கியவை, அம்புகளும் சிலவே. இதை நினைவில் வைத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போவோம்.

அரிப்பு என்று சொன்னவுடன் கடையில் ஒரு களிம்புக் குழாய் கைக்கு வருகிறது. பூசிய இரண்டு நாளில் அரிப்பும் நிற்கிறது, சிவப்பும் குறைகிறது. 'அற்புதமான மருந்து' என்று அண்டை வீட்டாருக்கும் சொல்கிறோம். இத்தகைய களிம்புகள் பலவற்றில் பூஞ்சை மருந்தோடு வலிமையான ஸ்டீராய்டு ஒன்றும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. உடல் எழுப்பும் அபாய மணியை நிறுத்திவிடுகிறது, அவ்வளவுதான். மணி நின்ற வீட்டில் திருடன் நிதானமாக அறை அறையாகப் போகிறான். படர்தாமரை தன் வட்ட வடிவத்தை இழந்து, மருத்துவரே அடையாளம் காண முடியாதபடி பரவுகிறது. நாளடைவில் தோல் மெலிந்து, வரிவரியாகத் தழும்பும் விழும். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு இத்தகைய தோல் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்த்தால் மட்டும் போதாது. படர்தாமரைக்கு இந்தக் கலவை தேவையே இல்லை, ஆகவே அது கடைக்கே வரக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் எளிமைக்காக நான் கற்பித்தவை. தோலில் பத்து இலட்சம் பூஞ்சைச் செல்கள் உள்ளன; அவற்றில் சடுதி மாற்றத்தால் மருந்துக்கு அசையாதவை பத்து. மற்றவை நாள்தோறும் பாதியாகக் குறைகின்றன. பத்து நாளில் 1,024 மடங்கு குறைந்து ஏறத்தாழ ஆயிரம் மிஞ்சும். வட்டம் மங்கிவிட்டது, அரிப்பும் இல்லை, மருந்தை நிறுத்திவிடுகிறோம். தொடக்கத்தில் இலட்சத்தில் ஒன்றாக இருந்த அசையாச் செல் இப்போது நூற்றில் ஒன்று! இந்த ஆயிரமும் திரும்பப் பத்து இலட்சமாகப் பெருகினால் அவற்றுள் அசையாதவை பத்தாயிரம். மறுபடியும் அதே களிம்பைப் பத்து நாள் பூசிப் பாருங்கள்.

'முழுக்காலமும் பூசினாலும் அந்தப் பத்து அப்படியே இருக்குமே?' என்று கெட்டிக்கார மாணவர் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. எண்ணிக்கை பத்து என்ற அளவுக்கு இறங்கிவிட்டால் வெள்ளணுக்கள் அவற்றைச் சமாளித்துவிடும். மேல்தோலும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் உதிர்ந்து புதிதாகிறது, ஒட்டியிருந்தவையும் உதிர்ந்துபோகும். ஆக, மருந்து பாதி வேலையைச் செய்கிறது. மீதியை உடல் செய்கிறது. ஸ்டீராய்டு தூங்க வைப்பது இந்த இரண்டாவது காவலனைத்தான்.

இது வெறும் காகிதக் கணக்கன்று. டெர்பினஃபினுக்கு எளிதில் அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சை இந்தியாவில் பரவியிருக்கிறது. 2020ஆம் ஆண்டில் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே என்று பெயரிட்டார்கள். பெயரிலேயே நம் நாடு இருப்பதைக் கவனியுங்கள். பெருமைப்படத் தக்க பெயர் அன்று. மருந்து தாக்கும் நொதியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியதே அந்த அடங்காமைக்குப் பெரும்பாலும் காரணம். 2023இல் நியூயார்க் நகரத்திலும் இரு நோயாளிகளிடம் இது கண்டறியப்பட்டது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். கொப்புள நோய் தென்னிந்தியத் தேயிலைக்கு வந்தது 1946இல். வெயிலைக் கண்டால் அதன் நுண்வித்துகள் மடியும்; மூடுபனியில் செழிக்கும். செம்பு உப்புகளைத் தெளித்து அதை அடக்கினார்கள். பின்னர் ஹெக்சகோனசோல், புரோபிகோனசோல் போன்றவையும் வந்தன. அந்தப் பெயர்களின் கடைசிப் பகுதியை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் வீட்டுக் களிம்பில் உள்ள கீட்டோகோனசோல், நுரையீரல் பூஞ்சை நோயாளிக்குக் கொடுக்கும் வோரிகோனசோல், இவையெல்லாம் ஒரே குடும்பம். தெளிப்பவர் குறி வைப்பது கொப்புளப் பூஞ்சையை. ஆனால் மருந்து மண்ணிலும் விழுகிறது. மண்ணில் மட்கும் இலைதழைகளில் அஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற இன்னொரு பூஞ்சை வாழ்கிறது. உடல் நலிந்தவர்களின் நுரையீரலில் புகுந்தால் அது உயிரையே வாங்கக் கூடியது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில் அது முதல் வரிசையில் உள்ளது.

தில்லியிலுள்ள வல்லபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தின் அனுராதா சௌத்ரி குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், அசோல்களுக்கு அடங்காத இந்தப் பூஞ்சை இந்திய மண்ணில் இருப்பதைக் காட்டினார்கள். மற்ற இடங்களை விட மிகுதியாக, 33 சதவீதம், கிடைத்தது தேயிலைத் தோட்ட மண்ணில்! நெல் வயலில் 12.3 சதவீதம், மருத்துவமனை வார்டுகளின் காற்றில் 7.6 சதவீதம். அவை மருத்துவ அசோல்களுக்கு மட்டுமன்றி, வேளாண்மையில் தெளிக்கும் ஆறு அசோல்களுக்கும் அடங்கவில்லை. ஓர் ஆய்வைக் கொண்டு எல்லாத் தோட்டங்களையும் எடைபோட்டுவிடக் கூடாதுதான். ஆயினும், அசோல் மருந்தை வாழ்நாளில் தொடாத நோயாளிகளிடமும் அடங்காத பூஞ்சை இருந்ததை நெதர்லாந்து மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது வெளியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அப்படியானால் தெளிப்பதை நிறுத்திவிடலாமா? கொழுந்து போனால் கூலியும் போகும். அப்படிச் சொல்பவர் மலையில் வாழாதவர். அளந்து தெளிக்கலாம் என்பதே என் வாதம். 1960களிலேயே இலங்கையில், தினசரி வெயில் நேரத்தைக் கொண்டு கொப்புள நோயின் வேகத்தை முன்கூட்டிக் கணிக்கும் முறையை வகுத்தார்கள். வெயிலை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிக் கோளம் சூரிய ஒளியைக் குவித்து அட்டையில் சுட்டுக் கோடு போடும். கோட்டின் நீளமே வெயில் நேரம். நாட்காட்டியைப் பார்த்து மருந்தடிப்பதை விட இந்த அட்டையைப் பார்த்து அடிப்பது சிக்கனம். செம்பு போதுமான இடத்தில் அசோலைத் தொடாதிருப்பது இன்னும் நல்லது. அடிப்பவருக்குக் கையுறையும் முகமூடியும் கொடுக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தம்.

களிம்பு விஷயத்தில் வாங்குபவரை மட்டும் குறை கூறுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு படர்தாமரைக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு உதகைக்குப் பேருந்து ஏறு என்று தாய்மாருக்குச் சொல்வது எளிது. தோட்டங்களில் மருத்துவ வசதி இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே கூறியது. அந்த மருந்தகங்களில் ஸ்டீராய்டு கலவாத பூஞ்சைக் களிம்பு எப்போதும் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீரும். மாத்திரை மட்டும் மருத்துவர் சொல்லாமல் கூடாது. அவற்றுள் சில கல்லீரலைக் கெடுக்கும், சில வேறு மருந்துகளோடு மோதும்.

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியிலுள்ள களிம்புக் குழாயை எடுத்துச் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். குளோபீட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதேனும் இருந்தால் அது ஸ்டீராய்டு. வீட்டில் எவராவது அதைப் பூசி வந்தால், குழாயையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். காலுறையை அடுப்பு மேல் கட்டிய கொடியில் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே அணியுங்கள்.