கழுவாய்

மனவருத்தம் இல்லாத மனிதர் உலகில் இல்லை. அவ்வருத்தத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்பதிலேதான் ஒருவருடைய வளர்ச்சியும் தேய்வும் தங்கியிருக்கின்றன.

டென்மார்க்கில் வாழும் எம்மவர் பலரின் நெஞ்சில் இந்த முள் தைத்துக் கிடக்கிறது. தாயின் இறுதிக் கிரியைக்குப் போக முடியவில்லை. தொழிற்சாலையில் இரவு பகலாக உழைத்ததில் பிள்ளைகளோடு இருந்து பேச நேரம் வாய்க்கவில்லை. இன்று பிள்ளைக்குத் தமிழ் வராது, பெற்றவருக்கு டேனிஷ் வராது. பகலில் அடங்கிக் கிடக்கும் இவை இரவில் எழுந்து நித்திரையைக் கெடுக்கின்றன. சிலர் "எல்லாம் விதி" என்று மூடி வைக்கிறார்கள். சிலர் "எல்லாம் என் குற்றமே" என்று தம்மையே வதைக்கிறார்கள். இரண்டினாலும், இன்று செய்யக்கூடிய வேலை செய்யப்படாமலே போகிறது.

வைத்திய வரலாற்றில் இதற்கொரு பாடம் உண்டு. 1847 ஆம் ஆண்டு வியன்னாப் பொது வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்க்க வந்ததே தாய்மாரின் காய்ச்சலுக்கும் சாவுக்கும் காரணம். அக்கைகளுள் அவருடைய கைகளும் அடங்கும். குளோரின் கரைசலில் கைகழுவுவதை அவர் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம் ஜூனில் நூற்றுக்கு 2 அளவுக்கு இறங்கியது.

அக்காலத்தில் டென்மார்க் மன்னரின் ஆட்சிக்குட்பட்டிருந்த கீல் நகருக்கும் இச்செய்தி எட்டியது. அங்கே பிரசவ வைத்தியராக இருந்த மிக்கேலிஸ், தாம் பிரசவம் பார்த்த உறவுப் பெண்ணொருத்தி அதே காய்ச்சலால் இறந்த துயரத்தில் இருந்தவர். அவரும் கைகழுவும் முறையைக் கைக்கொண்டு பயன் கண்டார். ஆயினும் தம் கைகளே நோயைக் கொண்டுசென்றன என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1848 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

இருவரும் தம் வருத்தத்தைச் செயலாக்கியவர்களே. அதனால் பல தாய்மார் பிழைத்தனர். ஆனால் வருந்துபவரைக் காப்பாற்றச் செயல் மட்டும் போதாது என்பதையும் மிக்கேலிஸின் முடிவு காட்டுகிறது. அச்சமின்றி வாய்திறந்து சொல்ல ஓர் இடமும் வேண்டும்.

இதை உணர்ந்து சட்டம் இயற்றிய நாடு டென்மார்க். இங்கு 2003 இல் நிறைவேறிய நோயாளர் பாதுகாப்புச் சட்டம் 2004 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. சிகிச்சையில் நேரும் தவறுகளை ஊழியர் அறிவிக்கவேண்டும்; அறிவித்த காரணத்துக்காக அவரைத் தண்டிக்கலாகாது என்பது அதன் சாரம். "யார் செய்தது?" என்ற கேள்வியைவிட "எப்படி நேர்ந்தது, இனி எப்படித் தடுப்பது?" என்ற கேள்வியே அங்கு பெரிது. 2011 முதல் நோயாளரும் உறவினரும்கூட அறிவிக்க வழி செய்யப்பட்டது.

எங்கள் சமூகத்தில் அப்படியோர் இடம் உண்டா? ஒருவர் மனந்திறந்தால் மறுநாளே அது ஊர்க்கதையாகிறது. அதற்கு அஞ்சியே முதியோர் பலர் வாய்மூடி இருக்கின்றனர். கேட்டதை வெளியே கொண்டு செல்லாத காதுகளை நாம்தான் வளர்த்துக்கொள்ளவேண்டும். கோயில் மண்டபத்தில் பூசை முடிந்தபின் அதற்கென ஒரு மணிநேரம் ஒதுக்கினாலும் தகும்.

அடுத்தது செயல். தாயின் கடைசி நாட்களில் அருகிருக்க முடியாதவர், இங்கே துணையின்றி வாழும் முதியவர் ஒருவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாம். பிள்ளைக்கு நேரம் கொடுக்காத தகப்பன், வளர்ந்துவிட்ட அப்பிள்ளையிடம் அதை ஒருமுறை சொல்லிவிட்டு, பேரப்பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மாலையைக் கொடுக்கலாம். போர் மூடிய பாதையால் போக முடியாமற் போனதும், மனமிருந்தால் செய்திருக்கக்கூடியதைச் செய்யாமல் விட்டதும் ஒன்றல்ல. முன்னையதற்குக் கண்ணீர் போதும். பின்னையதற்கே வேலை வேண்டும். வாரக்கணக்கில் நித்திரையும் பசியும் அற்றுப்போனால் குடும்ப வைத்தியரிடம் சொல்லுங்கள். அது நோய், வெட்கப்பட ஏதுமில்லை.

பிராயச்சித்தத்துக்குத் தமிழில் கழுவாய் என்று பெயர். கழுவுதல் என்பதிலிருந்து பிறந்த சொல் அது. அழுக்கைப் பார்த்து அழுதுகொண்டிருப்பவரின் கை சுத்தமாவதில்லை. கழுவிய கைதான் அடுத்தவரைத் தொட்டுத் தூக்க உதவும்.