காகத்தைச் சுடுவதும் காகத்தைப் பாடுவதும்

நம் நகர மன்றங்களுக்குக் காகம் ஓர் இலக்கு. நம் கவிஞர்களுக்கு அது ஒரு படிமம். காகம் எதைத் தின்று வாழ்கிறது என்ற கேள்வி இரண்டு தரப்புக்குமே முக்கியமில்லை. எனக்கு அது மட்டும்தான் முக்கியம்.

கிள்ளான், சுபாங் ஜெயா, கோலாலம்பூர் என்று பல ஊர்களில் காகம் சுடுவது இன்று நேற்று தொடங்கிய வழக்கமல்ல. உரிமம் உள்ள வேட்டைத் துப்பாக்கிக்காரர்களை மன்றமே அழைக்கும். சாலையை அடைப்பார்கள், போலீஸ் நிற்கும், சுடுவார்கள். அப்புறம் செத்த காகங்களை வரிசையாக அடுக்கி ஒரு படம், அதன் கீழே ஓர் எண்ணிக்கை. 2025-இன் தொடக்கத்தில் கிள்ளானில் இது நடந்தபோது சமூக ஊடகம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் ‘சபாஷ், இன்னும் சுடுங்கள்’. இன்னொரு பக்கம் ‘ஐயோ பாவம், வாயில்லா ஜீவன்’. இரண்டு பக்கமும் குப்பையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இங்கிலாந்தில் அறுவடை முடிந்த வயல்களில் காட்டுப்புறா சுடுகிறார்கள். அரிதாளுக்கு நடுவே சிந்திக் கிடக்கும் தானியத்துக்குப் புறாக்கள் கூட்டமாக இறங்கும். பொம்மைப் புறாக்களைப் பரப்பி வைத்துவிட்டு மறைப்புக்குப் பின்னால் ஆள் காத்திருப்பார். விழுந்த புறா பெரும்பாலும் சமையலறைக்குப் போகும். எனக்கு அந்த விளையாட்டின் மேல் பெரிய மரியாதை கிடையாது. ஆனால் அங்கே ஒரு கேள்வியாவது கேட்கப்பட்டது. வைல்ட் ஜஸ்டிஸ் என்ற அமைப்பு சட்டரீதியாகச் சவால் விட்டதும், ஏப்ரல் 2019-இல் நேச்சுரல் இங்கிலாந்து நிறுவனம் புறா, காகம் முதலியவற்றைச் சுடுவதற்கான மூன்று பொது உரிமங்களை ரத்து செய்தது. பிறகு புதிய நிபந்தனைகளோடு உரிமங்கள் திரும்பி வந்தன. சுடுவதற்கு முன் வேறு வழிகளை முயன்று பார்த்தாயா என்பதுதான் அந்தச் சண்டையின் சாரம். இங்கே அந்தக் கேள்வியை யார் யாரிடம் கேட்டார்கள்?

புறா வயலுக்கு வருவது தானியத்துக்காக. காகம் தாமானுக்கு வருவதும் அப்படித்தான். ஸ்கூடாயில் நான் குடியிருக்கும் பகுதியின் அரிதாள் வயல் எது தெரியுமா? பசார் மாலாம் முடிந்த மறுநாள் காலை. கோழி எலும்பு, மீன் செதில், சட்டினி ஒட்டிய பொட்டலத் தாள், பாதி குடித்த தே தாரிக் பை. மாமாக் கடைச் சந்துக்குள் போனால் மூடி உடைந்த தோங். வீட்டு வாசலில் நாங்கள் முதல் நாள் மாலையே வேலிக் கம்பியில் மாட்டிவிட்ட குப்பைப் பை. இங்கிலாந்து வயலுக்கு அறுவடை ஆண்டுக்கு ஒருமுறை. நமக்குத் தினசரி.

இனி கவிஞர்களிடம் வருகிறேன்.

வீட்டுக் காகம் இந்த மண்ணின் பறவை அல்ல. 1890-களில் இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. காபித் தோட்டங்களில் புழு பெருகியது, காகம் வந்து தின்னட்டும் என்று துரைமார்கள் நினைத்தார்கள். காபி போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, காகம் மட்டும் தங்கிவிட்டது. இந்தத் தகவல் கையில் கிடைத்ததும் நம் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கிறது. ‘நாமும் காகம்தான். வேலைக்குக் கொண்டுவந்தார்கள், வேலை முடிந்ததும் விரட்டுகிறார்கள், நம் நிறம் கறுப்பு.’ எத்தனை முறை வாசித்துவிட்டேன் இதை! பல்கலைக்கழகக் கவிதை அரங்கில் ஒருவர் இதை வாசித்தால் கைதட்டல் நிச்சயம்.

எனக்கு இந்தப் படிமம் பிடிக்கவில்லை. காரணம் அழகியல் மட்டுமல்ல.

காகம் ஒப்பந்தத்தில் கைரேகை வைக்கவில்லை. கங்காணியிடம் கடன்படவில்லை. சங்கம் அமைக்கவில்லை. நாம் இதையெல்லாம் செய்தோம். 1941-இல் அதே கிள்ளான் வட்டாரத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். முன்னின்ற ஆர். எச். நாதனைக் கைது செய்து பிறகு நாடு கடத்தினார்கள். படை வந்தது, சுட்டது, தொழிலாளர்கள் செத்தார்கள். கிள்ளானில் தமிழர்கள் உண்மையாகவே சுடப்பட்டிருக்கிறார்கள். அவர்களை நினைப்பதற்குக் காகம் எதற்கு? ‘சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன்’ என்று சொன்னவனைக் குப்பை பொறுக்கும் பறவையாக்குவது அவனுக்கு மரியாதையா? நம்மை வந்தேறி என்று சொல்பவனுக்கு இதைவிட வசதியான உவமை கிடைக்காது. அதை நாமே எழுதிக் கையில் கொடுக்கிறோம்.

அடுத்தது பக்திக்காரர்கள். புரட்டாசி அமாவாசைக்கு இலை போட்டு, சோறு வைத்து, ‘கா கா’ என்று கூப்பிடுகிறோம். காகம் தொட்டால் முன்னோர் சாப்பிட்டதாக மனசு நிறைகிறது. இதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கில்லை; எங்கள் வீட்டிலும் வைக்கிறார்கள். ஆனால் அதே வாட்சாப் குழுவில் அடுத்த வாரம் ‘மஜ்லிஸ்ல சொல்லி இந்தக் காக்காய்ங்கள சுடச் சொல்லுங்கப்பா, கார் பூரா எச்சம்’ என்று ஒரு செய்தி வரும். அமாவாசைக்குத் தாத்தா, மற்ற நாளில் தொல்லை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தச் சோற்றை வைத்த பாலிதீன் தட்டை யார் எடுப்பது? அதற்கும் தாத்தாதான் வர வேண்டுமா?

நான் பொறியியல் படித்தவன். ஒரு தொட்டி நிரம்பி வழிந்தால் முதலில் குழாயை மூடு என்பது முதலாண்டுப் பாடம். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வாளியால் அள்ளுவதற்குப் பெயர் பராமரிப்பு அல்ல, உடற்பயிற்சி. காகம் ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து முட்டை இடும். பெரிய காகங்கள் சிலதைச் சுட்டால் அவற்றின் பங்குச் சாப்பாடு மிச்சப் பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் போகும். சாப்பாடு குறையாதவரை எண்ணிக்கை ஏறிக்கொண்டே வரும். சிங்கப்பூர் பல்லாண்டு காலம் துப்பாக்கிச் சங்கத்துக்காரர்களை வைத்துச் சுட்டது. பாலத்தைத் தாண்டி வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், அங்கே காகம் ஒழிந்துவிட்டதா என்று. கென்யா 2024-இல் பத்து லட்சம் வீட்டுக் காகங்களைக் கொல்லப்போவதாக அறிவித்தது. பத்து லட்சம் வரைக்கும் பெருக விட்டது எது? நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகத்தில் கப்பலேறி வந்த காகங்களை அகற்ற முடிந்தது. அவை மொத்தமே சில டஜன்கள்தான். துப்பாக்கி வேலை செய்யும் அளவு அதுதான்.

அதோடு காகம் முட்டாள் அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழுவினர் சியாட்டிலில் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து விட்டார்கள். பல ஆண்டு கழித்தும் அந்த முகமூடியைக் கண்டால் காகங்கள் கூடிக் கத்தின. அது அமெரிக்கக் காகம். நம் ஊர்க் காகமும் மன்றத்து வண்டியை அடையாளம் கண்டு அடுத்த தாமானுக்குப் போய் உட்கார்ந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

‘உன் பிள்ளை தலையில கொத்துனா இப்படிப் பேசுவியா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கூட்டில் குஞ்சு இருக்கும்போது காகம் பாய்ந்து வரும். பள்ளிக்கூட வாசலில் அப்படி ஒரு கூடு இருந்தால் எடுக்கத்தான் வேண்டும். காகம் மற்ற பறவைகளின் கூட்டையும் சூறையாடுகிறது. காகத்தை ஒருபோதும் தொடக்கூடாது என்று நான் வாதிடவில்லை. கூட்டை அகற்று, கிளையைக் கழி, கடைசி வழியாகக் கொல்லவும் கொல். ஆனால் வரிசை முக்கியம். முதல் இடம் சாப்பாட்டுக்கு. கடைசி இடத்தில் இருக்க வேண்டியது முதலில் வருவதற்கு ஒரே காரணம், துப்பாக்கி படத்தில் நன்றாக விழும். மூடி போட்ட தோங்கை யாரும் படம் பிடிக்க மாட்டார்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. திடக்கழிவு நிர்வாகச் சட்டம் 2007-ஐ ஏற்றுக்கொண்ட மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. செப்டம்பர் 2015-லிருந்து வீட்டுக் குப்பையைப் பிரித்துப் போடுவது இங்கே கட்டாயம். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் பிரிக்கிறார்கள்? எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல் போதும்.

ஒரு விஷயம் சொல்லிவிட்டு முடிக்கிறேன். விடிகாலையில் கேட்கும் குயிலை வைத்து எழுதாத கவிஞர் நம்மில் யார்? சிங்கப்பூரிலும் நம் தென்பகுதியிலும் குயில் பெருகியது காகக் கூடு கிடைத்ததால்தான். அந்தக் காகத்தை வளர்ப்பது மாமாக் கடைச் சந்து. குயிலின் குரலிலும் நம் குப்பைக்குப் பங்கு இருக்கிறது. காகம், குயில் என்று இனி எழுதப்போகும் நண்பர்கள் அந்தச் சந்துக்குள் ஒருமுறை போய்விட்டு வந்து எழுதட்டும். சுட்ட காகங்களின் எண்ணிக்கையை வெளியிடும் மன்றங்கள், அதே பக்கத்தில் தங்கள் எல்லைக்குள் மூடியில்லாமல் கிடக்கும் தோங்குகளின் எண்ணிக்கையையும் வெளியிடட்டும். இரண்டாவது எண் குறையாதவரை முதல் எண்ணை நான் சாதனை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.