கடை உங்களது… பெயர்ப்பலகை யாருடையது?



ஒரு சின்னக் கேள்வி. உங்க கடைக்கோ, அச்சகத்துக்கோ, டியூஷன் சென்டருக்கோ ஒரு இணையதளம் இருக்குன்னு வைங்க. அந்த டொமைன் பெயர் யார் பேர்ல பதிவாகியிருக்கு? "என் பேர்லதான்"னு சட்டுனு சொல்லாதீங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க.

ரெண்டு சென்ட் மனை வாங்கினாக்கூட பத்திரம் சரியா, பட்டா யார் பேர்ல, வில்லங்கம் இருக்கான்னு நாலு பேர்கிட்ட விசாரிக்கிறோம். விசிட்டிங் கார்டுலயும், பில் புக்குலயும், வண்டியிலயும் அச்சடிச்சு வச்சிருக்கிற இணைய முகவரிக்கு மட்டும் "டிசைனர் தம்பி பார்த்துக்குவார்"னு விட்டுடுறோம். தகராறு தொடங்குற இடமே இதுதான்.

பிரச்சினை பெரும்பாலும் மூணு விதமா வரும்.

ஒண்ணு, தளம் செஞ்சு கொடுத்தவர் டொமைனை தன் பேர்லயே பதிவு செஞ்சிருப்பார். அவரோட மனக்கசப்பு வந்த அன்னைக்குத்தான் நமக்கு விஷயமே தெரியும். பணம் கட்டினது நாம, பதிவேட்டில் இருப்பது அவர்.

ரெண்டு, புதுப்பிக்கும் தேதி தவறிடும். நினைவூட்டல் மெயில் யாரும் திறக்காத பழைய முகவரிக்குப் போயிருக்கும். திரும்பக் கேட்டால் மீட்புக் கட்டணம்னு வழக்கத்தைவிடப் பல மடங்கு தொகை சொல்வாங்க.

மூணு, வேற நிறுவனத்துக்கு மாற நினைப்போம். அதுக்கு ஒரு ரகசிய குறியீடு வேணும். அதைக் கேட்டால் "டிக்கெட் போடுங்க", "ஹோஸ்டிங் பாக்கி இருக்கு", "மேலிடத்துல கேட்கணும்"னு நாள் நகரும்.

இதெல்லாம் சின்ன ஆட்களுக்கு மட்டும் நடக்கிறதுன்னு நினைக்காதீங்க. அமெரிக்காவில் கேரி கிரெமன் என்பவர் 1994-ல் ஒரு டாட் காம் பெயரைப் பதிவு செஞ்சார். (குடும்பத்தோட படிக்கிற பக்கம் இது, அந்தப் பெயரை இங்கே எழுத வேண்டாம்.) 1995-ல் ஒரு மோசடிப் பேர்வழி போலிக் கடிதம் ஒண்ணு அனுப்பினான். பதிவு நிறுவனமான நெட்வொர்க் சொல்யூஷன்ஸ், உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்காம பெயரை அவனுக்கு மாத்திக் கொடுத்துடுச்சு. கிரெமன் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறித்தான் பெயரை மீட்டார். அதோட விடல, பதிவு நிறுவனத்தையும் கேள்வி கேட்டார். 2003-ல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: டொமைன் பெயரும் ஒரு சொத்துதான், அதை அடுத்தவரிடம் தூக்கிக் கொடுத்தால் பதிவு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டி வரும்.

சொத்து என்ற அந்த ஒரு சொல்லை மனசுல வைங்க.

அதுக்காக பதிவு நிறுவனங்கள் எல்லாம் கெட்டவங்கன்னு நாம சொல்லல. டொமைனுக்கு லாக் போடுறதும் தப்பில்ல. இப்படிப்பட்ட திருட்டைத் தடுக்கத்தான் அந்தப் பூட்டு. உரிமையாளரே வந்து கேட்டும் சாவியைத் தராமல் இழுத்தடிப்பதுதான் அநியாயம்.

விதி என்ன சொல்லுது? டாட் காம், டாட் நெட் போன்ற முகவரிகளுக்கு உலக அளவில் விதி வகுப்பது ஐகான் அமைப்பு. அதன்படி:

🔹 மாற்றத்துக்கான குறியீட்டை நீங்க கேட்ட 5 நாளுக்குள் தரணும், இல்லேன்னா நீங்களே எடுத்துக்க வழி செய்யணும்.

🔹 அடுத்த ஆண்டுக் கட்டணம் கட்டலைன்னு காரணம் சொல்லி மாற்றத்தைத் தடுக்க முடியாது. நீங்க பணம் கட்டியாச்சுன்னா, இடைத்தரகர் நிறுவனத்துக்குப் பாக்கி வச்சிருக்கார்னு சொல்லியும் தடுக்க முடியாது.

🔹 காலாவதி ஆவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டணும். புதுப்பிக்கும் கட்டணமும் மீட்புக் கட்டணமும் எவ்வளவுன்னு வெளிப்படையா காட்டணும்.

புதுசா பதிவு செஞ்ச முதல் 60 நாளில் மாற்ற மறுப்பது போல நிறுவனத்துக்கும் சில உரிமை உண்டு. அதையும் தெரிஞ்சுக்கிட்டுப் பேசணும். விதி மீறினால் ஐகானிடமே கட்டணமில்லாமல் புகார் செய்யலாம்.

விதி இருந்தும் என்ன குறை? ஆங்கிலத்தில் படிவம் நிரப்பி வெளிநாட்டு அமைப்போடு மல்லுக்கட்ட எத்தனை கடைக்காரரால முடியும்? நம்ம நாட்டு முகவரிகளான டாட் இன், தமிழிலேயே எழுதுற டாட் இந்தியா இதெல்லாம் நிக்சி அமைப்பின் பொறுப்பு. அங்கே ஒரு நடுவர் முறை இருக்கு. ஆனா அது வணிகச்சின்னம் வைத்திருப்பவர், "இந்தப் பெயர் எனக்குரியது"ன்னு இன்னொரு பதிவாளர் மேல வழக்காடுவதற்காக உருவானது. பதிவு நிறுவனத்திடம் ஏமாந்த சாதாரண வாடிக்கையாளருக்காக உருவானதல்ல. பெரிய பிராண்டுக்கு ஒரு வாசல் திறந்திருக்கு. பெட்டிக்கடைக்காரருக்கு வாசல் எங்கே?

அதனால நாம கேட்பது மூன்றே விஷயம்:

1️⃣ வாடிக்கையாளருக்கும் பதிவு நிறுவனத்துக்கும் இடையிலான தகராறைக் காலக்கெடுவுக்குள் தீர்க்க, நிக்சியின் கீழ் தனிக் குறைதீர் அமைப்பு வேண்டும். புகாரைத் தமிழிலும் கொடுக்க வழி வேண்டும்.

2️⃣ இந்தியாவில் டொமைன் விற்கும் இடைத்தரகர் ஒவ்வொருவரும், பணம் கட்டியவர் பெயரிலேயே பதிவு செய்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

3️⃣ முதல் ஆண்டு மலிவு விலையோடு, அடுத்த ஆண்டு விலையையும் மீட்புக் கட்டணத்தையும் அதே அளவு எழுத்தில் காட்ட வேண்டும்.

அதுவரை கையைக் கட்டிக்கிட்டு இருக்க வேண்டாம். இன்னைக்கே உங்க கணக்கில் நுழைஞ்சு பாருங்க. உரிமையாளர் பெயர், மெயில், கைபேசி எண் மூணும் உங்களுடையதா? பாஸ்வேர்டு உங்க கையில இருக்கா? காலாவதி தேதியை காலண்டர்ல குறிச்சாச்சா? ரசீதைப் பத்திரமா வைங்க. பேசியதை எல்லாம் மெயிலில் எழுத்தாக்குங்க.

ஏமாற்றப்பட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. சுயதொழில் செஞ்சு பிழைக்கிறவரையும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்குது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ரூ.5 லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணமும் கிடையாது.

பத்து வருஷம் உழைச்சு சேர்த்த நல்ல பேர், ஒரு மெயில் தவறினதால அடுத்தவன் கைக்குப் போகக் கூடாது. சொந்தமா தொழில் செய்யுற ஒரு நண்பருக்காவது இதை அனுப்புங்க. கூடவே கேளுங்க: "பட்டா உன் பேர்லதானே இருக்கு?"

#நம்பெயர்_நம்உரிமை
#டொமைனும்_சொத்துதான்