கொப்பியில் அடைபட்ட சொற்கள்

அண்மையில் குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்தேன். அருகிலிருந்த உயர்தர வகுப்பு மாணாக்கன் கையில் ஜோர்ஜ் ஓர்வெல் இயற்றி 1949இல் வெளிவந்த ‘1984’ என்னும் நவீனம் கண்டு மகிழ்ந்தேன். அவனோ அதன் அருஞ்சொற்களை மட்டும் பொறுக்கிக் கொப்பியில் எழுதி, அகராதிப் பொருளை நெட்டுருப் பண்ணிக்கொண்டிருந்தான். கதை யாது என வினவினேன். “இன்னும் வாசிக்கேல்லை, ஐயா” என்றான்.

அக்கதையோ சொற்களைக் கொல்லும் ஓர் அரசைப் பற்றியது. அங்கே அகராதி ஆண்டுதோறும் மெலியும். ‘தீயது’ என்னும் சொல் வேண்டா, ‘நல்லதல்லாதது’ அமையும் என்பர். சொல் ஒழியின் அதனாற் கருதப்படும் பொருளும் ஒழியுமன்றோ! குறுஞ்சொல் போதுமிடத்து நெடுஞ்சொல் வேண்டாவென 1946இல் கட்டுரை வரைந்தவரும் அவ்வாசிரியரே.

நெட்டுருவை யான் இகழவில்லை. சூடாமணி நிகண்டை (பிரம்புக்கு அஞ்சியேனும்) மனனஞ் செய்தவன் யான். ஆயினும், அச்சொற்களைப் பின்னர்ச் செய்யுளிற் கண்டபோதே அவை எனக்கு உரியவாயின. ஆகவே, “முதலிற் கதையைப் படி, தம்பி, பல சொற்களுக்கு வாக்கியமே பொருள் சொல்லும்” என்றேன்.

அவ்வேளை படகோட்டி, சோழகம் பெயர்ந்துவிட்டது என்றார். தீவிற் பிறந்த அப்பிள்ளை விழித்தான். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என நாற்றிசைக் காற்றுக்கும் நம்மவர் இட்ட பெயர்களைக் கூறினேன். இவற்றை நீக்குமாறு எவ்வரசும் நமக்கு ஆணையிட்டதில்லை.

“கச்சான் கடலையல்லோ, ஐயா?” என்றான் அவன்.